இறந்தவர் சாட்சி சொல்ல வரமாட்டார்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் அந்தத் தாள் வெளியே வந்துவிடுகிறது. "அப்பா எழுதி வெச்சிட்டுத்தான் போயிருக்கார்" என்று மூத்த மருமகனோ மச்சினனோ அறிவிக்கிறார். வீடும் நிலமும் ஒருவருக்கு. மகள்களுக்கு ஒரே ஒரு வரி, சீர்வரிசை செய்து கட்டிக்கொடுத்துவிட்டபடியால் என்று தொடங்குவது. தேதியைப் பார்த்தால், பெரியவர் ஆக்சிஜன் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு. முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் வருடாவருடம் மஸ்டரிங் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் எதற்காகக் கைநாட்டு வைத்தார் என்று சின்ன மகள் கேட்க வாயெடுக்கிறாள். "இன்னும் ஈரம் காயலை, அதுக்குள்ள சொத்துப் பேச்சா" என்று பெரியப்பா ஒருவர் அடக்கிவிடுகிறார். தாளைக் கொண்டுவந்தவரை அப்படி யாரும் அடக்குவதில்லை.

சிவில் கோர்ட் வராந்தாவில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்தவர்களுக்கு இது பழகிய கதை. ஊரும் பேரும்தான் மாறும். உயில் பொய்யா மெய்யா என்பது பிறகு வரும் விஷயம். அந்த முதல் நாளில் நடக்கும் அநீதி வேறு: கேட்பவள் பேராசைக்காரியாகவும், கேட்க விடாதவர் குடும்ப மானத்தைக் காப்பவராகவும் ஆகிவிடுகிறார்கள். உயில் சரியானதா என்று கேட்பது பெற்றவருக்குச் செய்யும் துரோகம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிக்கிடக்கிறது. இந்த எண்ணத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். உயிலைக் காட்டுகிறவரும் "அப்பாவின் விருப்பம்" என்கிறார், சந்தேகிக்கிறவரும் "அப்பாவின் விருப்பம் இதுவாக இருக்காது" என்கிறார். இரண்டு பேரும் காப்பாற்ற நினைப்பதாகச் சொல்வது ஒன்றையேதான். அப்படியானால் அது உண்மையில் என்ன என்று பார்ப்பதில் இருவருக்குமே ஆட்சேபம் இருக்கக் கூடாது.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே நிற்கிறது. மைசூரில் லட்சுமம்மா என்பவர் 1945-இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட உயில் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா என்ற அந்த வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர் 1958-இல் எழுதிய தீர்ப்பைத்தான் இன்றைக்கும் எல்லா உயில் வழக்கிலும் வக்கீல்கள் முதலில் எடுத்து வைக்கிறார்கள். மற்றப் பத்திரங்களை எழுதியவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கலாம். உயிலோ, எழுதியவர் போன பிறகுதான் பேசத் தொடங்குகிறது. இது என்னுடையதுதான் என்றோ இல்லை என்றோ சொல்ல அவர் வரமாட்டார். ஆகவே உயிலை முன்வைப்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை ஏதும் இருந்தால் அதை விலக்கிக் காட்டும் பொறுப்பும் அவருடையதே. நீதிமன்றத்தின் மனசாட்சி நிறைவடைய வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. உயிலால் பெரும்பலன் அடைகிறவரே அதை எழுதுவிப்பதில் முன்னின்று ஓடியாடியிருந்தால், அதுவே ஒரு சந்தேகம் என்று அப்போதே பட்டியலிட்டார்கள். வக்கீலைப் பார்த்தது யார், ஆட்டோ பிடித்தது யார், சாட்சிக்கு ஆள் கூட்டி வந்தது யார் என்று குறுக்கு விசாரணையில் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

இதில் எதிர்த்தரப்புக்கும் ஒரு கடமை இருப்பதைச் சொல்லியாக வேண்டும். மிரட்டி எழுதி வாங்கினார்கள், ஏமாற்றினார்கள் என்று குற்றம் சாட்டினால், அதைச் சாட்டியவர்தான் நிரூபிக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

உயில் செல்லுவதற்குச் சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்திட்டதைப் பார்த்தோ, அது தம் கையெழுத்துதான் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையிலேயே கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வதும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதியதே போதும். இத்தனை எளிமையாக வைத்திருப்பது சாவுப் படுக்கையில் இருப்பவரும் தம் மனதை எழுதி வைக்க முடியவேண்டும் என்பதற்காக. அதே எளிமை ஏமாற்றுகிறவனுக்கும் வசதியாகிப் போகிறது. தடுப்பாக நிற்பது அந்த இரண்டு சாட்சிகள் மட்டும்தான்.

அந்தச் சாட்சிகளை நாம் எப்படிப் பிடிக்கிறோம்? பத்திர ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பவர், எழுத்தரின் உதவியாளர், பக்கத்துக் கடைக்காரர். "ஒரு கையெழுத்துதானே, போடுங்க அண்ணே." அவரும் போடுகிறார். பெரியவர் காருக்குள் உட்கார்ந்திருப்பார், அல்லது வீட்டிலேயே படுத்திருப்பார். பத்து வருடம் கழித்துச் சம்மன் வரும்போதுதான், தான் என்ன செய்தோம் என்பது சாட்சிக்கு உறைக்கிறது. சாட்சிகள் உயிரோடு இருக்கும்வரை அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்லாமல் உயில் நிரூபணமாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி அப்படியே இருக்கிறது. பார்க்காததைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லி ஒரு குடும்பத்தின் பகையைச் சம்பாதிக்க வேண்டும். தெரியாத பெரியவரின் உயிலில், அவர் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசாமல் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒவ்வொருவரும் உறுதியாக இருந்தால், கோர்ட்டுக்கு வரும் உயில் வழக்குகளில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது என்பது என் நம்பிக்கை.

பதிவு செய்துவிட்டால் எல்லாம் சரி என்பது அடுத்த மூடநம்பிக்கை. பதிவு ஒரு பலம்தான். ஆனால் சந்தேகம் உள்ள உயிலைப் பதிவு மட்டுமே தூய்மையாக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது. சார்பதிவாளர் முன் பெரியவர் தலையாட்டினார் என்பதும், உள்ளே எழுதியிருந்ததைப் புரிந்துகொண்டு தலையாட்டினார் என்பதும் வேறு வேறு. நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது. அப்படி வரும்போது, உயிலால் பயன்பெறுகிறவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "ஐயா, யாருக்கு என்ன எழுதியிருக்கீங்க, உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைப் பதிவுத்துறை ஒரு விதியாகவே ஆக்க வேண்டும்.

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'சுயநினைவுடனும் தெளிந்த மனநிலையிலும் இருக்கிறார்' என்ற சான்றிதழ், காய்ச்சலுக்கு எழுதித் தரும் லீவு சர்டிபிகேட் அல்ல. அன்றைய தேதி, நேரம், நோயாளிக்கு அன்று போயிருந்த மருந்துகள், தன் பிள்ளைகள் எத்தனை பேர், தனக்கு என்னென்ன சொத்து என்பதை அவரால் சொல்ல முடிந்ததா என்பவை அந்தத் தாளில் இருக்க வேண்டும். வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு கேட்பது இதைத்தான்: தான் செய்வது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? பார்வையோ பேச்சோ இல்லாதவர்கூட, தெரிந்து செய்தால் உயில் எழுதலாம். நோயாலோ மயக்கத்தாலோ தெரியாமல் செய்தால், எவ்வளவு படித்தவர் எழுதியதும் செல்லாது. மறதி நோய் உள்ளவர்களும் தெளிவான இடைவெளியில் எழுதலாம் என்பதால், அந்த இடைவெளியைப் பார்த்தது யார் என்ற கேள்விக்கு நம்பகமான பதில் டாக்டரிடமிருந்துதான் வர முடியும்.

இனி, கசப்பான பக்கம். மகனுக்கு அதிகம், மகளுக்குக் குறைவு என்பதாலேயே ஓர் உயில் போலியாகிவிடாது. சட்டம் தரும் சம பங்கை மாற்றத்தான் மனிதர்கள் உயில் எழுதுகிறார்கள். வாரிசு ஒருவர் விடுபட்டார் என்பது மட்டுமே சந்தேகத்துக்குக் காரணமாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையை மாற்றி, சிறுநீர்ப் பையை மாற்றி, திட்டு வாங்கிக்கொண்டே மருந்து கொடுத்த மருமகளின் பேரில் ஒரு தாய் வீட்டை எழுதிவைத்தால் அதில் இயற்கைக்கு மாறானது எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து மாதம் ஒருமுறை வீடியோ காலில் நலம் விசாரித்தவர்கள் அதைப் போலி என்று சொல்வதற்கு முன் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் மேல் பழி போடுவது நம் ஊரில் மிகச் சுலபம். அவர்தான் எப்போதும் பக்கத்தில் இருந்தார், அவர் கையால்தான் எல்லாம் நடந்தது என்பதால் சந்தேகமும் அவர் மேலேயே விழுகிறது. கேள்வி கேட்கும் உரிமைக்காக வாதாடும் அதே மூச்சில், ஆதாரம் இல்லாமல் அவதூறு செய்யாத பொறுப்பையும் நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எழுதியவருக்கு எழுதும் உரிமை இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். சுயார்ஜிதத்தை ஒருவர் யாருக்கும் எழுதலாம். இந்துக் குடும்பங்களில், பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். தமிழ்நாடு 1989-லேயே, 25 மார்ச் 1989 அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமையைக் கொடுத்தது. 2005-இல் மத்தியச் சட்டம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் குழப்பத்தைத் தீர்த்தது. 20 டிசம்பர் 2004-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளை இது தொடாது. ஆக, தாத்தா காலத்து நஞ்சையை அப்பா முழுவதுமாகத் தம்பிக்கு எழுதிவைத்திருந்தால், உயில் அசல்தான் என்று ஒப்புக்கொண்டாலும் அக்காவின் பங்கு அக்காவிடமே இருக்கிறது. இது தெரியாமல் எத்தனை பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள்! முஸ்லிம் குடும்பங்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

பெண்கள் ஏன் கேட்பதில்லை என்பதை நாம் நேர்மையாகப் பேச வேண்டும். சட்டம் தெரியாததால் மட்டும் அல்ல. கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும். பிள்ளைக்குக் காதுகுத்தும்போது மடியில் உட்கார்த்திவைக்கத் தாய்மாமன் வேண்டும். மகள் பெரியமனுஷியானால் சீர் கொண்டுவர அண்ணன் வேண்டும். நாளைக்குப் புகுந்த வீட்டில் ஒரு சண்டை என்றால் போய் நிற்க ஒரு இடம் வேண்டும். இவை அனைத்தையும் ஒரு தட்டில் வைத்து, தன் பங்கை மறு தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள். அந்தத் தட்டை அப்படிச் சாய்த்து வைத்திருப்பவர்கள் நாம். தங்கை கேள்வி கேட்டாள் என்பதற்காகச் சீரை நிறுத்தும் அண்ணன், அவளை விசேஷத்துக்கு அழைக்காமல் விடும் பங்காளிகள், "கோர்ட்டுக்குப் போன குடும்பம்" என்று பெண் கொடுக்கத் தயங்கும் ஊர். வழக்கு வேறு உறவு வேறு என்று இரண்டு தலைமுறை நடந்து காட்டினால் பெண்களின் இந்தப் பயம் குறையும். வழக்கு நடக்கும்போதே தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போய் மடியில் உட்கார்த்திவைத்த அண்ணன்களும் இந்த ஊர்களில் உண்டு. அவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

சந்தேகம் வந்தவர் செய்ய வேண்டியவை சில உண்டு. காரிய நாட்களில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பட்டா மாற்றத்துக்குத்தான், பேங்க் கணக்கை மூடத்தான் என்று சொல்வார்கள். இருக்கட்டும், ஒரு மாதம் கழித்துப் படித்துப் பார்த்துவிட்டுப் போடலாம். உயிலின் நகலை நயமாகக் கேட்டு வாங்குங்கள். பலர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிட்டு, உயில் எதுவும் பதிவாகவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உயில்கள் மூன்றாம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் ஏறுகின்றன. அவை வில்லங்கத்தில் தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பதிவின் நகல் அவரைத் தவிர யாருக்கும் கிடைக்காது. இறந்த பிறகு, இறப்புச் சான்றைக் காட்டி யாரும் மனுப்போட்டு வாங்கலாம்.

நகல் கைக்கு வந்ததும் தேதியை ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒப்பிடுங்கள். சாட்சிகள் யார், எந்த ஊர், உயிலால் பயன்பெறுகிறவருக்கு என்ன உறவு என்று விசாரியுங்கள். பக்கங்கள் ஒரே தாளா, ஒரே எழுத்துருவா, கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் உண்டா, அல்லது மேலே காலியாக இருந்த தாளில் கீழே இருந்த கையெழுத்துக்கு ஏற்ப வரிகள் நெருக்கி அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரியவரின் அதே காலத்துக் கையெழுத்துகளைச் சேகரியுங்கள்: செக், பேங்க் படிவம், ஓய்வூதியக் காகிதம், முன்பு பதிந்த கிரயப் பத்திரத்தின் ரேகை. தடய அறிவியல் நிபுணர்கள் ஒப்பிடக் கேட்பது இப்படிப்பட்ட, சந்தேகத்துக்கு இடமில்லாத கையெழுத்துகளைத்தான். இருபது வருடத்துக்கு முந்தையதைக் கொடுத்தால் முடிவு தெளிவாக வராது. வயதும் கைநடுக்கமும் எழுத்தை மாற்றிவிடும்.

பட்டா மாற்றத்துக்கு மனுப் போயிருந்தால், ஆட்சேபத்தை எழுத்தில் தாசில்தாரிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பட்டா மாறிவிட்டாலும் மனம் தளர வேண்டாம், உரிமையைத் தீர்மானிப்பது சிவில் நீதிமன்றம்தான். சென்னை நகர எல்லைக்குள் உள்ள சொத்துகளின் உயிலுக்குப் புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்ற உறுதி, பெறுவது பல தலைமுறைகளாக வழக்கம். உயர் நீதிமன்றத்தில் ஓ.பி. எண்ணோடு தொடங்கும் அந்த மனுவில், இயற்கையான வாரிசு ஒருவர் கேவியட் போட்டு ஆட்சேபித்தால் அது டி.ஓ.எஸ். என்ற முழு வழக்காக மாறிவிடும். சாட்சிகள் கூண்டேறுவார்கள், குறுக்கு விசாரணை நடக்கும். அறிவிப்பே வராமல் புரோபேட் வாங்கிவிட்டார்கள் என்று பிறகு தெரியவந்தால் அதை ரத்து செய்யக் கேட்கவும் வழி உண்டு, ஆனால் காலவரம்பு ஓடத் தொடங்கிவிடும். ஆறப்போடுவது எதிராளிக்குத்தான் உதவும். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கிறது. வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து பங்கை விட்டுக்கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எல்லா வழக்கும் கடைசிவரை போக வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் சமரச மையத்தைத் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த அத்தகைய மையங்களுக்கு நாட்டிலேயே அது முன்னோடி. குடும்பச் சொத்து வழக்குகள் சமரசத்துக்கு மிகவும் ஏற்றவை, ஏனென்றால் சண்டையின் அடியில் கிடப்பது பெரும்பாலும் சொத்து மட்டும் அல்ல. "அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தப்ப எனக்கு ஏன் சொல்லலை" என்ற ஒரு கேள்விக்கு வழக்கு மன்றத்தில் இடமில்லை. சமரச மேசையில் இருக்கிறது. அதற்குப் பதில் கிடைத்த பிறகு, சென்ட் கணக்கில் விட்டுக்கொடுப்பது எளிதாகிவிடுகிறது. ஊர்ப் பெரியவர்கள் மத்தியஸ்தம் செய்வதும் நல்லதுதான், ஒரு நிபந்தனையோடு: உயிலையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் இரண்டு தரப்பும் மேசை மேல் வைத்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். பார்க்காத தாளின் பேரில் "விட்டுக்கொடும்மா" என்று சொல்வது மத்தியஸ்தம் ஆகாது.

பெற்றோர்கள் செய்யக் கூடியது இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்தபோது உயில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அண்ணன் பிள்ளைகள்தான் வாரிசுகள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2020 மே ஆகிவிட்டது. சட்ட ஆலோசனைக்குக் குறைவே இல்லாத ஒரு முதலமைச்சரின் வீட்டுக்கே இந்த நிலை என்றால் நம் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எழுதினால் ஆயுள் குறையும் என்ற பயத்தை விட்டு, உடல் நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள். உங்களைவிட வயதில் சிறியவர்களை, நாளை நடந்து கோர்ட்டுக்கு வரக்கூடியவர்களை, சொத்தில் பங்கில்லாதவர்களைச் சாட்சியாக வையுங்கள். ஒருவருக்குக் குறைத்தால் ஏன் குறைத்தீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள், பத்திர எழுத்தரின் வழக்கமான வாசகத்தில் வேண்டாம். வீட்டில் சண்டை வரும் என்று அஞ்சினால், உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். நீங்கள் இருக்கும்வரை யாரும் பிரிக்க முடியாது. எழுதியிருக்கிறேன் என்ற செய்தியை மட்டுமாவது எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

பதிவுத்துறையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு சிறு வேலையும் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் வாங்க வரும் குடும்பத்துக்கு அதோடு சேர்த்து ஒரு பக்கத் துண்டறிக்கை கொடுக்கலாம்: உயில் இருக்கிறதா என்று எந்த அலுவலகத்தில் எப்படிப் பார்ப்பது, ஆட்சேபம் இருந்தால் எங்கே சொல்வது, இலவச வக்கீல் எங்கே கிடைப்பார், சமரச மையம் எங்கே இருக்கிறது. எல்லா வாரிசுகளும் தொட்டாக வேண்டிய காகிதம் இறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். மகள்களின் கைக்கும் அந்தத் துண்டறிக்கை போய்ச் சேரும்.